‘முடிந்தது’ என்று அறிவிக்கும் செய்தி



சனிக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மத்ரஸாவின் மாடியறையில் ஒரு வகுப்பு நடைபெறுகிறது. பயில வருவோர் மாணவர்கள் அல்லர்; அவர்களின் தாய்மார்கள். ஒருவர் வீட்டில் பிரியாணி சமைத்து விற்பவர். மற்றொருவர் புர்கா தைப்பவர். அத்தர் விற்கும் ஒரு மூதாட்டியும், மையித்துக்குக் கஃபன் துணி இலவசமாகத் தைத்துக் கொடுக்கும் மகளிர் குழுவைச் சேர்ந்த இருவரும் வருகின்றனர். சமூக ஊடகங்கள் வாயிலாகத் தத்தம் தொழிலையும் தொண்டையும் நாலு பேருக்குத் தெரியச் செய்வது எவ்வாறு என்பதே பாடம். கற்பிப்பவர் எங்கள் மஹல்லாவில் பிறந்து வளர்ந்து, கணினி பயின்ற ஓர் இளம் சகோதரி. கலைப் பட்டம் பெற்றவன் என்ற ஒரே தகுதியால், அவர்கள் எழுதும் விளம்பரங்களின் தமிழைத் திருத்தும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

விசைகளைத் தட்டப் பழகுவதற்கு அவர்களுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. சிறு வணிகர்களுக்கெனத் தனியாக ஒரு வாட்ஸ்அப் செயலி 2018 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. பொருள்களின் படமும் விலையும் கொண்ட பட்டியலை அதில் நிரந்தரமாக வைக்கலாம். கடை மூடியிருக்கும் நேரத்தில் தானாகப் பதில் சொல்லும்படியும் அமைத்துவிடலாம். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் ஒரு நுட்பம் உண்டு: நம் எண்ணைத் தம் செல்பேசியில் பதிந்து வைத்திருப்போருக்கே அச்செய்தி போய்ச் சேரும். “இருநூறு பேருக்கு அனுப்பினேன் ஹஜ்ரத், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை” என்று அத்தர் மூதாட்டி வருந்தியதன் காரணம் இதுதான். வாடிக்கையாளரிடம் முதலில் “என் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்” என்று கேட்க வேண்டும். அவர் மூன்றாம் வாரமே அதைக் கற்றுக்கொண்டார்.

வாசகத்தில்தான் இடறினார்கள். பிரியாணிச் சகோதரி வைத்திருந்த படத்தைக் கண்டு நான் வியந்தேன். செம்புத் தேக்சா, வாழையிலை, குங்குமப்பூ தூவிய சோறு! “இது உங்கள் வீட்டுத் தேக்சாவா?” என்றேன். “இல்லை ஹஜ்ரத், இணையத்தில் கிடைத்தது” என்றார். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று விற்றவரைக் கேட்ட சம்பவத்தை ஸஹீஹ் முஸ்லிமில் நாம் ஓதியிருக்கிறோம். அந்த மனிதர் சொந்தத் தானியத்தின் ஈரத்தைத்தான் மறைத்தார். நாமோ அடுத்தவர் தானியத்தையே நம் குவியலின் மேல் பரப்புகிறோம். மறுவாரம் அச்சகோதரி தம் அலுமினியத் தேக்சாவையே படமெடுத்து வந்தார். ஆவி பறக்க, சற்றே மங்கலான படம். அதைப் பார்த்துத்தான் முதல் ஆர்டர் வந்தது.

விலையை எழுதாமல் “தனியே கேட்கவும்” என்று போடும் வழக்கத்தையும் நான் அடித்துவிட்டேன். ஆளுக்கொரு விலை சொல்லத்தானே இந்த மறைப்பு?

இன்னொரு வாசகம் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. “மற்றவர்களைப் போலன்றி எங்களிடம் உண்மையான ஹலால் மட்டுமே” என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவர் எவருக்கும் தீங்கு நினைத்தவர் அல்லர். ஆயினும் அந்த ஒரு வரியால் தெருக்கோடியில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் முதியவரின் முப்பதாண்டு நேர்மை சந்தேகத்திற்குள்ளாகிறது. 2020 மே மாதம், ஊரடங்கின்போது நம் தியாகராய நகரில் நடந்ததை அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். ஓர் அடுமனையின் விளம்பரம் வாட்ஸ்அப்பில் பரவியது. தம்மிடம் முஸ்லிம் பணியாளர்கள் இல்லை என்பதை ஒரு சிறப்பாகவே அதில் அச்சிட்டிருந்தார்கள். மாம்பலம் காவல்துறையினர் கடை உரிமையாளரைக் கைது செய்தனர். முஸ்லிம்களைப் பற்றிய வதந்திகளால் வாடிக்கையாளர்கள் ஓயாமல் விசாரித்தபடியால் அவ்வாறு விளம்பரம் செய்ய நேர்ந்ததாகக் கடைத் தரப்பில் விளக்கம் கூறப்பட்டதென்று செய்தித்தாள்கள் எழுதின. வதந்திக்கு அஞ்சிய ஒருவர், வணிகம் காக்கும் பொருட்டு அதே வதந்திக்குத் தம் கடைப் பெயரையும் கொடுத்துவிட்டார். அன்று நம் உள்ளம் எவ்வளவு நொந்தது! அதே எழுதுகோல் நம் கைக்கு வந்தால் நாம் என்ன எழுதுகிறோம் என்று கேட்டேன். அந்தச் சகோதரி வாய் பேசாமல் வரியை அழித்துவிட்டு, இறைச்சி வாங்கும் கடையின் பெயரை, அவ்வுரிமையாளரின் இசைவோடு, எழுதினார்.

வணிகத்தைப் பற்றி இவ்வளவு போதும். தொண்டுக்காக எழுதும் செய்தியே கடினமானது. பிரியாணி தீர்ந்துவிட்டால் விற்பவருக்கே தெரிந்துவிடும். “இன்று முடிந்தது” என்று அவரே எழுதிவிடுவார். உதவி கோரும் செய்தியை முடித்து வைப்பவர் யார்?

2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தை அடையாற்றுக் கரையில் வாழ்வோர் மறக்கவியலாது. டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட, இரவோடிரவாகச் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் ஜாபர்கான்பேட்டையும் நீருக்குள் போயின. 1878இல் தொடங்கப்பட்ட ‘இந்து’ ஆங்கில நாளிதழே மறுநாள் சென்னையில் அச்சாகி வெளிவர இயலவில்லை. அந்நாளில் ட்விட்டரும் முகநூலும் வாட்ஸ்அப்பும் ஆற்றிய பணியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. நடிகர் சித்தார்த், வானொலித் தொகுப்பாளர் பாலாஜி போன்றோர் தம்மைப் பின்தொடர்வோரைத் தொண்டர்களாகத் திரட்டினர். எங்கே படகு தேவை, எங்கே தங்க இடமுண்டு என்பதை முகமறியா இளைஞர்கள் இணையத்தில் பட்டியலிட்டனர். பள்ளிவாசல்கள் சாதி மதம் பாராது எல்லோருக்கும் கதவைத் திறந்தன. வெள்ளம் வடிந்தபின் முஸ்லிம் மாணவர்கள் கோயில்களைக் கழுவித் துப்புரவு செய்தனர். இவையெல்லாம் நாடறிந்தவை.

நான் கண்ட மற்றொன்றையும் சொல்ல வேண்டும். கோட்டூர்புரத்தில் ஒரு தெருவுக்கு இருநூறு உணவுப் பொட்டலங்கள் உடனே வேண்டுமென்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பள்ளிவாசல் முற்றத்தில் சமைத்து, பொட்டலம் கட்டி, முழங்கால் நீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்பே மூன்று வண்டிகள் அங்கு நின்றன. காலையிலேயே வயிறார உண்டுவிட்ட மக்கள் எங்கள் பொட்டலங்களை நாணத்தோடு வாங்கி ஓரமாய் வைத்தனர். இரண்டு தெருக்கள் தள்ளி, ஆற்றோரக் குடிசைவாசிகள் முதல்நாள் இரவிலிருந்து ஒன்றும் உண்டிருக்கவில்லை. அவர்களைப் பற்றிச் செய்தி எழுத ஒருவரும் இல்லை. எங்களுக்கு வந்த செய்தியோ முந்தைய நாள் எழுதியது. அதில் தேதியில்லை, நேரமில்லை. தேவை நிறைவேறிய பின்னும் அது ஊர்சுற்றிக்கொண்டிருந்தது. அதே வேகத்தில்தான், கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற பொய்யும், பேய்மழை வருமென்று நாசா எச்சரித்திருக்கிறது என்ற பொய்யும் சுற்றின. முதலை எதுவும் தப்பவில்லை என்று பண்ணையார் அறிவித்தபின்னரும் மக்களின் கலக்கம் சில நாள் நீடித்தது.

அந்த வாரத்திலேயே தொண்டர்கள் பாடம் கற்றுக்கொண்டனர். ஒவ்வொரு கோரிக்கையிலும் தேதியும் நேரமும் இடலாயினர். தொலைபேசியில் விசாரித்த பின்னரே பட்டியலில் ஏற்றினர். உதவி போய்ச் சேர்ந்ததும் ‘முடிந்தது’ என்று குறித்தனர். என் கருத்தில், அந்த வெள்ளம் சமூக ஊடகத்தைப் பற்றி நம் நகருக்குக் கற்பித்தவற்றுள் இந்தச் சிறு குறிப்பே தலையாயது.

கற்றவன் பின்பற்றினேனா? இல்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாண்டுகளுக்கு முன் எங்கள் மாணவன் ஒருவனுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய ரூ.85,000 தேவைப்பட்டது. (அவன் தந்தையின் அனுமதியோடு, நோயின் பெயரை விடுத்து இதை எழுதுகிறேன்.) உதவி கோரி நானே எழுதினேன். படித்தவர் கண் கலங்கும்படி எழுதினேன் என்ற ஒரு சிறு பெருமையும் எனக்கு இருந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும். பன்னிரண்டு வயதுப் பையனின் படத்தைச் சேர்த்தேன். என் சொந்த எண்ணையே பணம் அனுப்பக் கொடுத்தேன். தேதி இடவில்லை. மூன்றே நாளில் வேண்டிய தொகை சேர்ந்தது. ஆனால் செய்தி நிற்கவில்லை. பத்தொன்பதாம் நாள் கணக்குப் பார்த்தபோது ரூ.1,46,000 இருந்தது. அதில் ஜகாத் எது, ஸதகா எது? சிலர் குறிப்பில் ‘ஜகாத்’ என்று எழுதியிருந்தனர். பெரும்பாலோர் எதுவும் எழுதவில்லை. எட்டு வகையினருக்கென்று திருமறை வகுத்துத் தந்த நிதியையும் எல்லோருக்கும் ஆகும் நிதியையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிவிட்ட ஆசிரியனாக நான் நின்றேன். ஜும்ஆவுக்குப் பின் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும், “ஹஜ்ரத், மீதிப் பணம் எங்கே?” என்று கேட்டார். கேட்டது நியாயம்தான், கேட்ட குரல்தான் இன்னமும் காதில் இருக்கிறது.

அனுப்பியவர் ஒவ்வொருவருக்கும் எழுதினேன். சிலர் திரும்பப் பெற்றனர். பலர் வேறொரு நோயாளிக்குக் கொடுக்கும்படி அனுமதித்தனர். பதிலே தராதவர்களின் தொகையை அவரவர் எண்ணுக்கே திருப்பி அனுப்பினேன். இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது.

பணக்கணக்கு ஒருவாறு தீர்ந்தது. மற்றது தீரவில்லை. சிகிச்சை முடிந்து தேறிய பையன் பள்ளிக்கூடம் செல்ல மறுத்தான். உடன் படிப்போரின் வீட்டுச் செல்பேசிகளிலெல்லாம் அவன் படம் இருந்தது. “உனக்கு எவ்வளவு வசூலாயிற்று?” என்று ஒரு சிறுவன் கேட்டிருக்கிறான். அவன் தந்தை என்னிடம் வந்து, “நீங்கள் செய்ததை என் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன் ஹஜ்ரத்” என்றார். சற்றுப் பொறுத்து, “அந்தப் படத்தை மட்டும் போடாமல் இருந்திருக்கலாம்” என்றார். ஏழைக்கு மறைவாகக் கொடுப்பதன் மேன்மையை ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான்.

இன்று எங்கள் வகுப்பில் உதவிக் கோரிக்கை எழுதும் முறை மாறிவிட்டது. தேதியையும் தேவைப்படும் தொகையையும் கடைசி நாளையும் முதல் வரியிலேயே எழுதுகிறோம். பெறுபவரின் படமோ பெயரோ இடுவதில்லை. ஐயமுள்ளோர் நேரில் வந்து மருத்துவச் சீட்டைப் பார்க்கலாம். தனி மனிதர் எண்ணுக்குப் பதிலாக நிறுவனத்தின் வங்கிக் கணக்கையும் அதைப் பார்வையிடும் இருவரின் பொறுப்பையும் குறிப்பிடுகிறோம். பணம் அனுப்புவோர் குறிப்பில் ‘ஜகாத்’ அல்லது ‘ஸதகா’ என்று எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். கூரை வேய்வதற்கு ஜகாத் வந்துவிட்டால் என்ன செய்வது? பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்கள் அதை அனுமதிப்பதில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது குறித்ததே என்பதை நினைவூட்டினால், கணக்கு எழுதச் சோம்புவோரும் எழுதுகோலை எடுக்கிறார்கள்.

சட்டத்திலும் ஒரு கண்ணி உண்டு. மத்ரஸா நிர்வாகிகள் கவனிக்க வேண்டும். நம் செய்திகள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நொடியில் போய்விடுகின்றன. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வளைகுடாவிலிருந்து தம் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட நம் உறவினர் அனுப்பினால், அவர் கீழக்கரையில் பிறந்தவராயினும், அது வெளிநாட்டு நன்கொடையே. அதற்கெனப் பதிவு பெறாத நிறுவனம் அதைப் பெறக்கூடாது. பதிவு பெற்றிருந்தாலும், 2020இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, புதுதில்லியில் குறிப்பிட்ட பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள கணக்கிலேயே பெற வேண்டும். மேலும், “நன்கொடை அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அழுத்துங்கள்” என்று எவரேனும் கூறினால் அவர் திருடர். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொகை சேர்ந்ததும் முதற்செய்தி சென்ற ஒவ்வொரு குழுவுக்கும் ‘முடிந்தது’ என்ற செய்தியை, வரவு செலவுடன், அனுப்புகிறோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோரிக்கையைப் பலரும் பலருக்கு அனுப்புகிறார்கள். முடிந்த செய்தியை அனுப்புவோர் சிலரே. ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஒரு செய்தியைக் கடத்தவியலாதபடி 2018இல் வாட்ஸ்அப் நம் நாட்டில் கட்டுப்பாடு விதித்தது. பலமுறை கடத்தப்பட்ட செய்தியை ஒருமுறைக்கு ஓரிடத்திற்கே அனுப்பலாம் என்று 2020இல் மேலும் இறுக்கியது. அதனால் வேகம் குறைந்திருக்கலாம். பழைய செய்தி இறந்துவிடுவதில்லை. ஆகவே கடைசி நாளைக் கோரிக்கைக்குள்ளேயே எழுதிவிட வேண்டுமென்று அந்த இளம் சகோதரி வற்புறுத்துவார். அப்போது எங்கே போனாலும் அதன் முடிவும் உடன் போகும்.

சென்ற வாரம் பினாங்கிலிருந்து பழைய நண்பர் ஒருவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். “உங்கள் மத்ரஸா என்று போட்டிருக்கிறது. உண்மைதானா? உடனே அனுப்பட்டுமா?” என்று கேட்டிருந்தார். திறந்து பார்த்தேன். நான் எழுதிய அதே வாசகம், அதே எண், அதே படம். தேவை அன்றே நிறைவேறிவிட்டதென்றும், பையன் நலமாக ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான் என்றும், படத்தை அழித்துவிடுமாறும் பதில் எழுதினேன். அவருக்கு அனுப்பியவர் யாரென்று விசாரித்து, அவருக்கும் எழுதியிருக்கிறேன்.