மலிவான மடிக்கணினி: விலையை மட்டும் பார்த்தால் போதுமா?

பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கப் போறீங்களா?

விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி ரேம் தேவை. அது இயங்குவதற்கு மட்டும்தான்! ஸூம் வகுப்பு, வீட்டுப்பாடம், பத்து இணையப் பக்கம் என்று ஒன்றாகத் திறந்தால் திணறிடும். 8 ஜிபி எடுப்பதே நல்லது. மலிவு ரகங்கள் பலவற்றில் ரேம் உள்ளேயே ஒட்டியிருக்கும். பிறகு கூட்ட முடியாது.

குரோம்புக் வாங்கலாமா?

2021 முதல் வெளியான ரகங்களுக்கு 10 ஆண்டுவரை பாதுகாப்பு மேம்பாடு உண்டு. ஆனால் அந்தக் கணக்கு நீங்கள் வாங்கும் நாளில் தொடங்குவதில்லை; அந்த ரகம் முதலில் வெளிவந்தபோதே தொடங்கிவிடும். கழிவு விலையில் கிடைக்கும் பழைய ரகத்துக்கு எத்தனை ஆண்டு மிச்சம்? பணம் கட்டுமுன் கேளுங்க.

சிங்கப்பூரில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, 2023இல் தொடங்கிய 'டிஜிட்டல்அக்சஸ்@ஹோம்' திட்டத்தில் சலுகை விலை மடிக்கணினி உண்டு. கடைக்குப் போகுமுன் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்.