நாலு வரி எழுத ஆள் வேண்டும்

“கருவிக்கு விவரம் எழுதுவதெல்லாம் ஒரு வேலையா? நாலு வரி போதும், மற்றதை மெஷின் பார்த்துக்கொள்ளும்” என்று கம்ப்யூட்டர் உலகத்தில் ஒரு சாரார் சொல்லி வருகிறார்கள். நாலு வரி போதும் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த நாலு வரியை யாரும் ஒழுங்காக எழுதுவதில்லை என்பதுதான் என் புகார்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஏஜெண்டு என்றால் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு அல்ல. நாம் கேட்ட கேள்விக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று தானே தீர்மானித்து, வேண்டிய கருவிகளை எடுத்து வேலையை முடித்துத் தருகிற செயற்கை நுண்ணறிவு. ஓர் எக்ஸெல் பட்டியலைக் கொடுத்து, ‘எந்த வார்டில் வரி பாக்கி அதிகம்?’ என்று கேட்டால், பட்டியலைத் திறக்க ஒரு கருவி, வேண்டிய வரிகளைப் பொறுக்க ஒன்று, கூட்ட ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். எது எதற்கு என்று அதற்கு எப்படித் தெரியும்? கருவிக்குள் இருக்கும் புரோகிராமை அது சாதாரணமாகப் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், அதைப் பற்றி எழுதிய சில வாக்கியங்கள், என்ன தகவலைக் கொடுக்க வேண்டும் என்ற குறிப்பு, இவ்வளவுதான் அதன் கண்ணில் படும்.

அந்த வாக்கியங்களின் லட்சணத்தைப் பாருங்கள். “அட்டவணையை ஆராயும்” என்று ஒரு கருவி. பக்கத்திலேயே “தகவல்களை அலசும்” என்று இன்னொன்று. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதியவரைக் கேட்டால் அரை மணி நேரம் விளக்குவார். அதில் இரண்டு வாக்கியத்தை எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் பம்மலையே எடுத்துக்கொள்ளுங்கள். பம்மல், பல்லாவரம், அனகாபுத்தூர், செம்பாக்கம், தாம்பரம் என்ற ஐந்து நகராட்சிகளையும், ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். பழைய பத்து ஊரிலும் ஒன்றாம் வார்டு உண்டு. புதிய மாநகராட்சியின் 70 வார்டுகளிலும் ஒன்றாம் வார்டு உண்டு. ஆக, பதினொரு ஒன்றாம் வார்டுகள்! பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் மெஷினிடம் கொடுத்துப் பாருங்கள். ‘வார்டு’ என்ற தலைப்பைக் கண்டதும் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடக் கூடும். கூட்டல் பிசகாது, கணக்குப் பிசகிவிடும்.

தேதியும் அப்படித்தான். 3-4-2024 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4. சொத்து வரியோ அரையாண்டு வரி. ஏப்ரலில் ஓர் அரையாண்டு தொடங்குகிறது. மார்ச் முந்தைய அரையாண்டைச் சேர்ந்தது. தேதி எந்த முறையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதாததனால், ஒழுங்காகப் பணம் கட்டிய மனிதர் பாக்கிதாரர் ஆகலாம்.

இதெல்லாம் அற்ப விஷயம் என்பவர்களுக்கு இங்கிலாந்தை ஞாபகப்படுத்துகிறேன். 2020 செப்டம்பர் கடைசியில், கொரோனா கண்டவர்களின் பட்டியலைப் பழைய மாதிரி எக்ஸெல் கோப்பில் ஏற்றினார்கள். அது 65,536 வரிக்கு மேல் ஏற்காது. மிஞ்சிய வரிகள் சப்தமில்லாமல் விழுந்துவிட்டன. 15,841 பேர் தினசரிக் கணக்கில் விடுபட்டுப் போனார்கள். அவர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கை போகத் தாமதமாயிற்று. அங்கே ஏஜெண்டு எதுவும் இல்லை என்பது வாஸ்தவம். மனிதர்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே இந்தக் கதி என்றால், பார்க்க மனிதரே இல்லாத இடத்தில், ‘இத்தனை வரிதான் ஏற்பேன், மிஞ்சினால் நின்றுவிடுவேன்’ என்று கருவி சொல்ல வேண்டாமா?

“இன்றைய மெஷின் மகா புத்திசாலி, ஊகித்துக்கொள்ளும்” என்பது அடுத்த வாதம். அந்த ஊகத்தைக் கண்டுதான் எனக்குப் பயம். மந்தமான குமாஸ்தா, வார்டு எண் புரியாவிட்டால் எழுந்து போய் ஹெட் கிளார்க்கைக் கேட்பான். புத்திசாலியோ பல சமயம் கேட்பதில்லை. தனக்குத் தோன்றியதை வைத்துக்கொண்டு அழகான நடையில் பதில் எழுதிவிடுகிறது. பட்டியலிலேயே இல்லாத விவரத்தை எந்தப் புத்திசாலித்தனமும் கண்டுபிடிக்க முடியாது.

குற்றம் சொல்வது எளிது, எழுதிக் காட்டு என்பீர்கள். இதோ: “ஒரு வார்டில், ஓர் அரையாண்டுக்குரிய சொத்து வரி பாக்கியைக் கூட்டித் தரும். வார்டு என்பது மாநகராட்சி வார்டு, 1 முதல் 70 வரை. பழைய நகராட்சி எண்ணைக் கொடுக்கக் கூடாது. தேதி நாள்-மாதம்-வருஷம். தொகை ரூபாயில். காலிக் கட்டம் பூஜ்யம் அல்ல, விவரம் வரவில்லை என்று பொருள். அதைக் கூட்டாமல், எத்தனை காலி என்று தனியே சொல்லும். பட்டியலைத் திருத்தாது, திருத்துவதற்கு வேறு கருவி இருக்கிறது.” இதில் ஏதாவது இலக்கியம் இருக்கிறதா? ஒன்றும் இல்லை. வார்டு, தேதி, தொகை, காலிக் கட்டம் என்று சந்தேகம் வரக்கூடிய இடத்தில் எல்லாம் ஒரு வாக்கியம் காவல் நிற்கிறது, அவ்வளவுதான்.

அதற்காகப் பத்துப் பக்கம் எழுதச் சொல்லவில்லை. இந்த விவரங்களை எல்லாம் கேள்வியோடு சேர்த்து மெஷின் படித்தாக வேண்டும். நீளத்துக்குச் செலவு உண்டு, குழப்பமும் உண்டு. “அதிவேகமானது, ஈடு இணையற்றது” என்ற விளம்பர வார்த்தைகளை அடித்தாலே பாதி இடம் மிஞ்சும்.

இந்த விவரத்தையும் மெஷினையே எழுதச் சொல்லலாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. தாராளமாக, இலக்கணப் பிழை இல்லாமல் எழுதும். ஆனால் காலிக் கட்டத்துக்கு அர்த்தம் அதற்குத் தெரியாதே! அது தெரிந்தவர், வருஷக் கணக்காக வீடு வீடாகப் போய் வரி வசூலித்த பில் கலெக்டர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். எழுதியதை, விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, ‘இதைப் படித்தால் என்ன செய்வீர்கள்?’ என்று விசாரிக்க வேண்டும். அவர் இரண்டு விதமாகப் பதில் சொன்னால் திருத்தி எழுத வேண்டும்.

இதற்குச் சிரமப்பட மாட்டோம், மெஷின் சொன்ன தொகைக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்புவோம் என்றால், அது சோம்பல் மட்டும் அல்ல, அநியாயம். அந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நிற்கப் போகிறவர், விவரம் எழுதாமல் விட்டவர் அல்ல, ஒன்றாம் வார்டுக்காரர். பதினொன்றில் எந்த ஒன்றாம் வார்டு என்பதை அவர்தான் நிரூபித்தாக வேண்டும்.