கண்ணாடிக்குள் எரியும் பொய்

கானா என்றாலே இரைச்சல் என்று முகம் சுளிப்பவர்கள் இந்த ஊரில் நிறைய. ராயபுரத்திலோ காசிமேட்டிலோ சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிறவரின் தொண்டையில் அந்த இரைச்சல் இல்லை. அவர் பக்கத்தில் மேஜை மேல் இருக்கிற ஆம்ப்ளிஃபையரில் இருக்கிறது பாதி. மீதி, கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில்.

நடப்பது இதுதான். டோலக்கில் பலமாக ஓர் அடி விழுகிறது, குரலும் அதே நேரம் மேலே போகிறது. சின்ன ஆம்ப்ளிஃபையருக்கு அவ்வளவு வோல்டேஜ் கிடையாது. அலையின் தலையைக் கத்தியால் சீவியது போல வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் புதுச் சுரங்கள் முளைக்கும். சட்ஜம் பாடினால் இரண்டாம் ஹார்மோனிக் மேல் சட்ஜம், மூன்றாவது அதற்கும் மேலே பஞ்சமம், ஐந்தாவது அந்தர காந்தாரம். இதுவரை பரவாயில்லை, தம்புராவே இதைத்தான் செய்கிறது. ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும் எந்த ஸ்வரத்திலும் உட்காராது. காதைக் கிழிப்பவை அவைதான். வால்வு அப்படிச் சட்டென்று வெட்டாது, மெல்ல வளைக்கும். 1973-ல் ரஸ்ஸல் ஹாம் எழுதிய கட்டுரை சொன்னதும் இதுதான்: வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் வித்தியாசம் தெரிவது அளவுக்கு மீறி ஓட்டும்போது.

சரி, வால்வு முன்னால், டிரான்சிஸ்டர் பின்னால் என்று ஹைப்ரிட் செய்தால்? நல்ல யோசனைதான். வோல்டேஜை வால்வு பெருக்கும், ஸ்பீக்கருக்கு வேண்டிய கரண்டை மாஸ்ஃபெட் கொடுக்கும், தோளை இறக்கும் அந்த அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வேண்டாம். ஆனால் அந்தப் பெயரில் விற்கிற மலிவுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். 250 வோல்ட்டில் ஓட வேண்டிய இ.சி.சி. 83 வால்வுக்குப் பன்னிரண்டு வோல்ட். வேலையெல்லாம் பக்கத்திலுள்ள ஐ.சி. பார்க்கிறது. வால்வின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் எல்.இ.டி. வேறு! (சாமி படத்துக்குப் போடுகிற சீரியல் பல்புக்காவது பக்தி உண்டு.)

விலை கூடிய பெட்டிகளிலும் ஒரு கோளாறு நடக்கும். வால்வையும் மாஸ்ஃபெட்டையும் சேர்த்து ஒரே நெகடிவ் ஃபீட்பேக் வளையத்தில் கட்டிவிடுவார்கள். வளையம் இறுக இறுக வால்வின் குணம் அழியும். காகிதத்தில் டிஸ்டார்ஷன் அளவு அழகாக இருக்கும். பிறகு எதற்கு வால்வு?

செய்ய வேண்டியது வேறு. வால்வை வளையத்துக்கு வெளியே நிறுத்த வேண்டும். மாஸ்ஃபெட் தன் எல்லையைத் தொடும் முன்பே வால்வு வளையும்படி, இரண்டுக்கும் நடுவில் சிக்னலைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். மாஸ்ஃபெட் முதலில் வெட்டினால் முன்னால் பத்து வால்வு இருந்தும் பயனில்லை. வால்வு சூடேற அரை நிமிடம் போல ஆகும், அதுவரை ஸ்பீக்கரைப் பிரித்து வைக்க ஒரு ரிலே கட்டாயம்.

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் இன்னொரு சங்கதி. காற்றில் உப்பு, அதோடு சாம்பல். எண்ணூர் பழைய அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டாலும் வடசென்னை நிலையம் ஓடுகிறது. வால்வின் கிரிட்டில் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும். அவ்வளவு பெரிய தடைக்குப் பக்கத்தில் ஈர உப்பும் தூசும் படிந்தால் கரண்ட் அந்த வழியாகக் கசியும், சரசரவென்று சத்தம் வரும். பீங்கான் சாக்கெட்டும் போர்டின் மேல் வார்னிஷும் இல்லாமல் இங்கே வால்வு செட் செய்வது சைக்கிளை மழையில் விட்டுவிட்டுத் துருவைத் திட்டுவது மாதிரி.

1985-ல் பாப் கார்வர் தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் போலவே ஒலிக்கும்படி மாற்றிக் காட்டினாரே, ‘ஸ்டீரியோஃபைல்’ விமர்சகர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்ணாடிக் குடுவைக்குள் மந்திரம் ஒன்றும் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. வளைவதுதான் முக்கியம். அதை டிரான்சிஸ்டரிலும் செய்யலாம், தாராளமாகச் செய்யட்டும். வால்வு என்று காசு வாங்கிவிட்டு வெட்டுகிற பெட்டியைக் கொடுப்பதுதான் ஏமாற்று.

தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யர் வாழ்ந்த ஊர் திருவொற்றியூர். அங்கே வீணைக்கு மைக் வைத்தாலும் சரி, ராயபுரத்தில் கானாவுக்கு வைத்தாலும் சரி, கையில் கொஞ்சம் பணம் இருந்தால் சவுண்ட் சர்வீஸ்காரர் முதலில் அந்தக் குழாய் ஸ்பீக்கரை இறக்கிவிட்டு நல்ல பெட்டி ஸ்பீக்கரும் இரண்டு மடங்கு வாட்ஸும் வாங்கட்டும். குழாய்க்கு டோலக்கின் அடிச்சத்தமே தெரியாது. வால்வு அதற்கப்புறம்.