கால் நீட்டும் இயந்திரம்

உடற்பயிற்சிக்கூடத்தில் ஆட்கள் யோசிக்காமல் ஏறி உட்காரும் கருவி எது என்று கேட்டால், ‘லெக் எக்ஸ்டென்ஷன்’ என்பேன். பார்க்க நாற்காலி மாதிரி இருக்கிறது. உட்கார்ந்து காலை நீட்டுவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

இதில் அசைவது முழங்கால் மூட்டு மட்டும். அதனால் சுமை முழுவதும் தொடையின் முன்பக்கத்தில் உள்ள நான்கு தசைகள் மேல் விழுகிறது. நாற்காலியிலிருந்து எழவும், படியிறங்கும்போது உடலைத் தாங்கவும் இவைதான் பெரிதும் உழைக்கின்றன. என்னிடம் வரும் மூத்தோர் பலர் ‘முட்டி வலி’ என்று தொடங்குவார்கள். உட்காரவைத்து எழச் சொன்னால், கை தானாக மேசையைத் தேடும். தொடையில் பலம் குறைந்திருப்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரியும்.

முதலில் இருக்கையைச் சரிசெய்யுங்கள். இயந்திரத்தின் கை சுழலும் அச்சு, உங்கள் முழங்காலுக்கு நேராக இருக்க வேண்டும். முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கட்டும். காலில் படும் உருளை கணுக்காலுக்குச் சற்று மேலே இருக்கவேண்டும், பாதத்தின் மீது அல்ல. இதைப் பார்க்க அரை நிமிடம் போதும். ஆனால் முந்தைய ஆள் வைத்துவிட்டுப் போன அளவிலேயே செய்பவர்கள்தான் அதிகம்.

ஒருமுறை ஓர் அக்கா கேட்டார்: “தம்பி, பக்கத்துல இருக்கிறவரு நாப்பது கிலோ தூக்குறாரு. எனக்கு மட்டும் ஏன் பத்து?”

“அவரு இறக்கும்போது சத்தம் கேட்டுச்சா, அக்கா?”

எடைத்தட்டுகள் ‘டமார்’ என்று மோதினால், இறங்கும் வழியில் தசை வேலை செய்யவில்லை என்று அர்த்தம். படியிறங்க வேண்டியதோ அந்த வேலைதான். இரண்டு எண்ணிக்கையில் உயர்த்தி, ஒரு கணம் நிறுத்தி, மூன்று நான்கு எண்ணி இறக்குங்கள். பத்துப் பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு முறை கடினமாக இருந்தால் எடை சரி. இடுப்பு இருக்கையைவிட்டு எழும்பினால் எடை கூடிவிட்டது.

முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலிப்பவர்கள் காலை முழுக்க நீட்டாமல், வலி வருமுன் நிறுத்தலாம். முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். எடையோடு காலை முழுதாக நீட்டும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் புதிய தசைநார் இழுபடும்.

சிங்கப்பூரில் மூத்தோருக்கான ‘ஜிம் டானிக்’ கூடங்களில் உள்ள பின்லாந்து இயந்திரங்கள் காற்றழுத்தத்தில் இயங்குபவை. மிகக் குறைந்த சுமையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அச்சப்படுபவர்களுக்கு அது நல்ல இடம்.

இந்த இயந்திரம் மட்டும் போதுமா என்றால், போதாது. எழுந்து நிற்பதில் இடுப்பும் பின்தொடையும் சேர்ந்துதான் உழைக்கின்றன. அதே நாளில் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் ஓய்வு.

பின்தொடைக்கான இயந்திரத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.