கிரணமும் கணிப்பும்

விளையாட்டிற்கென்று செய்யப்பட்ட கருவியொன்று வைத்தியசாலையிற் புகுந்து நோயாளிக்கு உதவுகின்றதென்றால் நம் மாணவர் சிலர் நம்பத் தயங்குவர். அவர்தம் பெற்றோரோ அறவே நம்பார். ஆயினும் கம்ப்யூட்டரிலுள்ள கிராபிக்ஸ் பிராஸஸர் இன்று செய்துவரும் தொண்டு அதுவேயாம். அதனாற் கிடைத்த விரைவை எதற்குச் செலவிடல் தகும் என்பது குறித்தே நாம் எழுதப் புகுந்தோம்.

1971-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள், இலண்டன் அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில், காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு என்னும் எஞ்ஜினீயர் இயற்றிய ஸி. டி. ஸ்கான் இயந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமாக்கிற்று. பல திசைகளினின்றும் எக்ஸ் கிரணங்களைச் செலுத்தி, உடலூடு கடக்குங்கால் அவை எவ்வளவு குறைந்தன என்று அளந்து, உள்ளிருப்பதைக் கணக்கினால் அறிவதே இம்முறை. அவரது தொடக்க ஆய்வில் ஒரு பொருளை அளக்க 9 நாட்களும், கணித்துப் படமாக்க இரண்டரை மணியும் சென்றன. நோயாளிக்கு எடுத்த படத்திலோ 6,400 கட்டங்களே இருந்தன. இக்காலத்து முப்பரிமாணப் படம், நீளம் அகலம் உயரம் மூன்றிலும் 512 கட்டங் கொள்ளின், 13 கோடிக்கு மேற்பட்ட கனப்புள்ளிகளுடையது. 500 திசைகளின் அளவைகளை ஒவ்வொரு புள்ளியிலுஞ் சேர்க்க ஏறக்குறைய 6,700 கோடி முறை கணித்தல் வேண்டும்.

இதில் ஒரு நற்பேறு உண்டு. ஒரு புள்ளியின் கணக்கு மற்றொன்றின் விடைக்காகக் காத்திராது. வல்லவன் ஒருவன் தனியே நடுவதினும் நூறு பெண்கள் வரிசையாய் நின்று நாற்று நடுதல் விரைவன்றோ? கிராபிக்ஸ் பிராஸஸரில் ஆயிரக்கணக்கான சிறு கணிப்புறுப்புகள் அவ்வாறே ஒருங்கு உழைக்கின்றன. 1994-இலேயே காப்ரால் முதலிய மூவர், படத்தோற்றம் ஒட்டுதற்கென அமைந்த கருவியைக் கொண்டு இக்கணிப்பைச் செய்து காட்டினர். 2007-இல் என்விடியா கம்பெனியார் கூடா என்னும் அமைப்பை வெளியிட்டபின் இவ்வழி பலர்க்கும் எளிதாயிற்று.

நிற்க. இவ்விரைவின் பயனாக வர்ணம் பூசிய இருதயமும் எலும்பும் திரையிற் சுழல்வதைக் கண்டு வியப்பாருளர். அறுவை வைத்தியர்க்கு அது பேருதவி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மேற்பரப்பைக் காட்டும் படத்தில், வரம்பெண் சிறிது பிசகினும், கண்குழியின் மெல்லிய எலும்பு ஓட்டையாகத் தோன்றும். அழகு சான்றாகாது.

நாம் பெரிதாய் மதிப்பது வேறொன்று. கிரணத்தை நாலிலொன்றாகக் குறைப்பின் படத்தின் கலக்கம் இரட்டிக்கும். மீண்டும் மீண்டும் கணித்துத் திருத்தும் முறையால் அக்கலக்கத்தை அடக்கலாம். ஹவுன்ஸ்பீல்டின் முதல் இயந்திரம் கையாண்டது அத்தகைய முறையே. காலம் மிகக் கொள்ளுமாதலின் கைவிடப்பட்டு, கணிப்பு விரைவுற்றபின், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்கான் இயந்திரங்களுக்குத் திரும்பிற்று. அளவு மீறிக் குறைத்தால் மங்கலான சிறு கட்டியும் கலக்கத்தோடு மறைந்துபோம் என்பதை மறத்தலாகாது. எனினும், பெரியோரினும் சிறு குழந்தைகளுக்கே கிரணத்தின் தீங்கு மிகுதியாதலால், சேமித்த நேரத்தை முதற்கண் இதற்கே ஈடுபடுத்துக என்போம். வைத்தியத் தொழில் புரியும் நம் பழைய மாணவர்கள், புதிய ஸ்கான் இயந்திரத்தை விலை பேசுங்கால், படம் எத்தனை விநாடியில் வரும் என்று வினவுமுன், ஒரு குழந்தையின் தலைக்கு எவ்வளவு கிரணம் செல்லும் என்று வினவுவார்களாக.