காயலான் கடைக்கு அனுப்பும் முன்...

வணிகவியல் பாடத்தில் கணினி என்றால் சீக்கிரம் தேயும் சொத்து. வருமானவரிக் கணக்கில் அதன் தேய்மானம் 2017 வரை 60 சதவீதம், அதன்பின் 40 சதவீதம். (குறைந்து செல் மதிப்பு முறையில் புத்தக மதிப்பு பூஜ்யத்தைத் தொடவே தொடாது என்பது வேறு விஷயம் :-)) அப்படியிருக்க, 1980களில் வாங்கிய ஒரு பிசி ஸ்டோர் ரூமில் கிடந்தால் யார் கண்டுகொள்வார்கள்? கிலோ கணக்கில் காயலான் கடைக்குத்தான் போகும்.

போகட்டும், தப்பில்லை. ஆனால் போவதற்கு முன் அதை ஒரு முறை உயிர்ப்பித்துப் பார்க்க வேண்டும். காரணம் இருக்கிறது.

ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டது 1981 ஆகஸ்டில். இன்டெல் 8088 சிப், 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகம். பெரும்பாலும் வெளியில் வாங்கிய பாகங்கள். அதைவிட முக்கியம், சர்க்யூட் படங்களையும் பயாஸ் நிரலையும் தன் தொழில்நுட்பக் கையேட்டிலேயே ஐபிஎம் அச்சிட்டு விற்றது. பயாஸுக்குக் காப்புரிமை இருந்ததால் அதை மட்டும் அப்படியே எடுக்க முடியாது. காம்பேக் சொந்தமாக ஒரு பயாஸ் எழுதிக்கொண்டது. 1984-ல் ஃபீனிக்ஸ் நிறுவனம் பயாஸை யாருக்கு வேண்டுமானாலும் விற்க ஆரம்பித்தது. அப்புறம் என்ன, உலகம் முழுக்க நகல் பிசிகள்தான்!

இந்தியாவிலிருந்து ஐபிஎம் 1978-லேயே வெளியேறியிருந்தது. 1984 நவம்பரில் வந்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதியை எளிதாக்கியது. எச்சிஎல், விப்ரோ எல்லாம் களத்தில் இருக்க, சென்னையின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் 'சிவா பிசி'யைக் கொண்டுவந்து விலையைச் சடாரென்று இறக்கியது.

திண்டுக்கல்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு பழுதானால் சரிசெய்ய முடிகிறது. உள்ளே லீவர் எப்படி நகரும் என்று பூட்டுக்காரருக்குத் தெரியுமே! நகல் பிசியும் அதே ரகம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்ததால் பிறந்த பொருள் அது. நாற்பது வருடம் கழித்தும் அதே காரணத்தால்தான் பழுது பார்க்க முடிகிறது.

எடுத்தவுடன் பிளக்கில் சொருகிவிடக் கூடாது. பவர் சப்ளையில் இருக்கும் பழைய காகித கபாசிட்டர் விரிசல் விட்டிருந்தால் சில நிமிடங்களில் வெடித்துப் புகையும். அதை முதலில் மாற்ற வேண்டும். ஃபேன் லேசாக அசைந்து நின்றுவிட்டால், போர்டில் ஏதாவது டான்டலம் கபாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். 12 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். 286, 386 போர்டு என்றால் பேட்டரியைப் பார்க்க வேண்டும். அது கசிந்து தாமிரத் தடங்களை அரித்திருக்கும்.

மெமரி இன்னும் சுவாரஸ்யம். 64 கிலோபைட்டுக்கு ஒன்பது சிப்கள். எட்டு தரவுக்கு, ஒன்பதாவது சரிபார்க்க. இருப்பாய்வு மாதிரியேதான். பிழை இருக்கிறது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்தால் அதற்கும் தெரியாது! எந்தச் சிப் என்று கண்டுபிடிக்க, இயக்கியவுடன் ஓடும் சுயபரிசோதனை இருக்கிறது. ஐபிஎம் பிசியில் 201 என்று வந்தால் மெமரி கோளாறு. கூடவே வரும் எண்கள் இடத்தைக் காட்டும். நகல் பிசிகளில் இந்தக் குறிகள் பயாஸுக்கு பயாஸ் மாறும்.

"இதற்கெல்லாம் எமுலேட்டர் இருக்கிறதே, எதற்கு இந்தப் பழைய டப்பா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பழைய மென்பொருளை ஓட்ட எமுலேட்டர் போதும். ஆனால் ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பியை எமுலேட்டர் எப்படிப் படிக்கும்? அதற்கு டிரைவ் வேண்டும்.

அந்த ஃப்ளாப்பிகளில் என்ன இருக்கும்? ஒரு கடையின் பேரேடு இருக்கலாம். இன்று வணிகவியல் மாணவர்கள் படிக்கும் டேலி நிறுவனமே 1986-ல் தொடங்கியதுதான், ஆரம்பத்தில் டாஸில் ஓடியதுதான். தமிழில் தட்டிய கடிதமோ கதையோ கூட இருக்கலாம். யூனிகோடு பரவும் முன் ஆளுக்கொரு எழுத்துக் குறியீடு. சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து தமிழக அரசு ஒரு தரத்தைக் கொண்டுவந்ததே 1999-ல்தான். அதற்கு முந்தைய கோப்புகளைத் திறக்க, அவற்றை எழுதிய மென்பொருளும் வேண்டும். பெரும்பாலும் அது அதே பெட்டியில்தான் கிடக்கும். மிஷினோடு அதுவும் எடைக்குப் போனால், போனது போனதுதான்.

எல்லாப் பழைய பிசியையும் கட்டிக்காக்க வேண்டியதில்லை. மின்னணுக் கழிவுக்குச் சட்டப்படியான வழி இருக்கிறது. 2022 விதிகள் 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்துவிட்டன. கல்லூரிகள் அதற்கு முன் ஒரே ஒரு நாள் ஒதுக்கினால் போதும். எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் பவர் சப்ளையைப் பார்க்கட்டும், கணினி மாணவர்கள் ஃப்ளாப்பிகளையும் பயாஸையும் பிரதி எடுக்கட்டும், வணிகவியல் மாணவர்கள் அந்தக் கணக்குகளைப் படித்துச் சொல்லட்டும். ஓடுகிற ஒன்றை ஆய்வகத்தில் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, மற்றதைத் தாராளமாக அனுப்பலாம்.