பெயரை மாற்றிப் படியுங்கள்!



பள்ளி மைதானத்தில் சில நேரம் இப்படி ஒரு கிண்டல் கேட்கும். 'என்ன பாய், பையில குண்டு வெச்சிருக்கியா?' கேட்டவன் சிரிப்பான். சுற்றி நிற்பவர்களும் சிரிப்பார்கள். அந்த முஸ்லிம் மாணவனும் வேறு வழியில்லாமல் சிரித்து வைப்பான். அவன் மனசு என்ன பாடுபடும்?

இந்தக் கிண்டலை யாரும் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. சினிமா, டிவி, செல்போனில் வரும் செய்திகள் இவற்றில் இருந்துதான் வருகிறது.

2020-ம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள். கொரோனா பரவத் தொடங்கிய மார்ச் மாதம், டில்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் அமைப்பின் கூட்டம் நடந்தது. அங்கு சென்று வந்த பலருக்குத் தொற்று ஏற்பட்டது. மற்றவர்களுக்கும் பரவியது. இது உண்மைச் செய்தி. இதைச் சொல்வது பத்திரிகை, டிவியின் கடமை.

ஆனால், சில டிவி சேனல்கள் அத்தோடு நிற்கவில்லை. 'கொரோனா ஜிகாத்' என்று பெயர் சூட்டி, வேண்டுமென்றே நோயைப் பரப்பியதாகப் பேசின. விளைவு? டில்லி பக்கமே போகாத முஸ்லிம் காய்கறி வியாபாரிகளைக்கூட வட மாநிலங்களில் சில இடங்களில் விரட்டி அடித்தனர்.

கிருமிக்கு மதம் தெரியுமா, குழந்தைகளே? புதிய நோய்களுக்கு ஊரின் பெயரையோ, மக்களின் பெயரையோ வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லியிருந்தது. நோய்க்கு மதச் சாயம் பூச வேண்டாம் என்று தமிழக முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமியும் அப்போது கேட்டுக் கொண்டார்.

பிறகு என்ன ஆயிற்று? 2020 ஆகஸ்டில், மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, அந்தக் கூட்டத்துக்கு வந்த 29 வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவும், ஊடகங்களில் அவர்களுக்கு எதிராகப் பெரிய பிரசாரம் நடந்ததாகவும் நீதிபதிகள் கூறினர். வெளிநாட்டினருக்கு இடம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட 70 இந்தியர்கள் மீதான வழக்குகளை டில்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. பழி பரவியது சில நாட்களில். அது நீங்கப் பிடித்ததோ ஐந்து ஆண்டுகள்!

இப்படி வெளிப்படையாகப் பழி சொன்னால், நமக்குத் தெரிந்துவிடும். ஒளிந்திருக்கும் வெறுப்பைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். உங்களுக்குப் பிடித்த 'அலாவுதீன்' கதையையே எடுத்துக் கொள்ளுங்கள். 1992-ல் வந்த டிஸ்னி கார்ட்டூன் படத்தின் முதல் பாட்டில், அரபு நாட்டில் காதை வெட்டி விடுவார்கள் என்று ஒரு வரி இருந்தது. அமெரிக்காவில் வாழும் அரபு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால், 1993-ல் வீடியோவாக வெளியிட்டபோது அந்த வரியை மாற்றினர். ஆனால், படத்தில் நல்லவனான அலாவுதீன் அமெரிக்கப் பையன் போலவே பேசுகிறான். கடைவீதியில் வாளோடு துரத்தும் முரடர்களுக்கு மட்டும் அரபுக்காரர் பேச்சு, பயங்கர முகம்! இதை யாரும் மாற்றவில்லை. 'அரபுக்காரர் என்றால் கெட்டவர்' என்று ஒரு வார்த்தை சொல்லாமலே, அது பார்ப்பவர் மனதில் பதிந்துவிடுகிறது.

நம் சினிமாவிலும் அப்படித்தான். வெடிகுண்டு வைக்கும் வில்லன் தாடியும் தொப்பியுமாக வந்ததை எத்தனை படங்களில் பார்த்திருப்பீர்கள்? முஸ்லிம் டாக்டர், முஸ்லிம் டீச்சர் கதாநாயகராக வந்ததை எத்தனை படங்களில் பார்த்தீர்கள்? எண்ணிப் பாருங்கள்.

ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். ஒரு செய்தியில் குற்றம் செய்தவரின் மதம் சொல்லப்பட்டிருந்தால், அந்த இடத்தில் உங்கள் மதத்தின் பெயரை வைத்துப் படியுங்கள். 'ஒருவர் செய்த தப்புக்கு எங்கள் எல்லாரையும் ஏன் இழுக்கிறார்கள்?' என்று கோபம் வருகிறதா? அப்படியானால் அந்தச் செய்தியில் ஏதோ கோளாறு இருக்கிறது. அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். எந்தப் பத்திரிகைக்கும் இந்தச் சோதனையை வைக்கலாம். நம் பத்திரிகைக்கும்தான்!

உழவர்கரையில் இருக்கும் உங்களுக்கு, வில்லியனூர் பக்கத்து சுல்தான்பேட்டையும், புதுச்சேரி முல்லா வீதியும் தூரமில்லை. வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்காருபவர் அங்கிருந்து வரலாம். ரம்ஜான் மாதத்தில் உங்கள் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி கொண்டு வந்து தரலாம். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள டிவி எதற்கு? அவரிடமே பேசுங்கள். அடுத்த முறை யாராவது அவரைக் கிண்டல் செய்தால், சேர்ந்து சிரிக்காமல், 'அப்படிச் சொல்லாதே' என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்